எஸ்தர் காரின் மூன்றாவது ஆல்டர்னேட்டர்

என் மனைவி யோகா யாழ்ப்பாணத்தில் குழந்தை உடுப்புக் கடை வைத்திருக்கிறாள். குளிர் மலையூரான நுவரெலியாக் கடைகளுக்கும் அவள்தான் குளிருக்கான தடித்த துணியில் தைத்த உடுப்புகளை அனுப்புகிறாள். இந்த முறை துணியைத் தொட்டுப் பார்த்துத்தான் ஆர்டர் கொடுப்பேன் என்று திருப்பூருக்குக் கிளம்பினாள். நான் துணைக்குப் போனேன். முப்பது வருடமாக வாகனங்களுக்கு மின்வேலை செய்கிறவன் நான். அந்த ஒரு கிழமை, ஏழு நாளாவது ஸ்பானர் பிடிக்காமல் இருப்பேன் என்று அவளிடம் சத்தியம் செய்திருந்தேன்.

சத்தியம் கோவை விமான நிலையத்திலிருந்து நாற்பது நிமிடம்தான் தாங்கியது.

எங்களை அழைத்துப் போக வந்தவர் எஸ்தர். நாற்பது வயதிருக்கும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பதினாறு வயதில் திருப்பூர் வந்து, பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருபது வருடம் நின்று, பிறகு பழைய கார் ஒன்றை வாங்கித் தானே ஓட்டுகிறார். என்னை "அண்ணாச்சி" என்றார், யோகாவை "மதினி" என்றார். பத்தே நிமிடத்தில் உறவாகிவிட்டோம்.

அவிநாசி தாண்டியதும் டாஷ்போர்டில் சிவப்பாகப் பேட்டரி விளக்கு எரிந்தது. எஸ்தர் பதறவில்லை. பாட்டை நிறுத்தினார், ஏசியை நிறுத்தினார், கண்ணாடிகளை இறக்கினார், போனை சார்ஜரிலிருந்து பிடுங்கினார். எல்லாம் வரிசையாக, பழகிய கையோடு நடந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"எத்தனையாவது தரம்?" என்று கேட்டேன்.

"இது மூணாவது ஆல்டர்னேட்டர் அண்ணாச்சி. தீவாளி கழிஞ்சு மொதல்ல போச்சு. மாத்தினோம். ஒண்ணரை மாசம் ஓடிச்சு, மறுபடியும் போச்சு. இப்ப இதுவும் கண்ணக் காட்டுது பாத்துக்கிடுங்க."

கார் ஓடும்போது மின்சாரம் தயாரித்துப் பேட்டரியை நிரப்புவது ஆல்டர்னேட்டரின் வேலை. அது படுத்தால் பேட்டரியில் இருக்கிற மிச்சத்தில்தான் வண்டி ஓடும். அந்த மிச்சத்தில் எஸ்தர் எங்களை விடுதி வாசல் வரை கொண்டுவந்து சேர்த்தார். யோகா என் முகத்தைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, வேண்டாம்" என்றாள்.

"சும்மா பாக்கத்தான் போறன்" என்றேன்.

மறுநாள் திங்கட்கிழமை. காலைச் சாப்பாட்டுக்கு விடுதிக்கு எதிரில் ஒரு சிறிய கடை. சந்தகை என்று எழுதிப் போட்டிருந்தது. தட்டில் வந்தபோது பார்த்தால் எங்கள் இடியப்பத்தின் ஒன்றுவிட்ட தம்பி. நாங்கள் மாவைப் பிழிந்து அவிப்போம், இவர்கள் அவித்ததைப் பிழிகிறார்கள். சொதிக்குப் பதிலாகத் தேங்காய்ப் பால், வெல்லம். பரிமாறிய அம்மா ஒவ்வொரு முறையும் "இன்னுங் கொஞ்சம் வெக்கட்டுங்களா?" என்று கேட்டுக் கேட்டே வைத்தார். எங்கள் ஊர்க் கடைகளில் இவ்வளவு மரியாதையாகப் பேசினால், கடையை விற்கப் போகிறார்களோ என்று சந்தேகப்படுவோம்.

சாப்பிட்ட கையோடு எஸ்தருடன் காங்கேயம் சாலையில் இருந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். மெக்கானிக் பெயர் நடராஜ். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் டெஸ்டர். "வாங்கண்ணா, சிலோனுங்களா? உக்காருங்க, மொதல்ல டீ குடிங்க" என்றார். பழுது பார்த்து வைத்த ஆல்டர்னேட்டர் ஒன்றைத் தயாராக எடுத்து வைத்திருந்தார்.

"கழட்டி மாத்திரலாமுங்களா?" என்று எஸ்தரிடம் கேட்டார்.

"கொஞ்சம் பொறுங்கோ" என்றேன் நான்.

அவருடைய மீட்டரை வாங்கி, என்ஜினை ஓடவிட்டு, பேட்டரியில் அளந்தேன். பதினாலு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. நல்ல அளவு. நேற்றுச் சிவப்பாக எரிந்த விளக்கு இப்போது அணைந்து கிடந்தது. பிறகு என்ஜினுக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையில் அளந்தேன். அங்கே இருக்கவே கூடாத அரை வோல்ட் இருந்தது. குனிந்து பார்த்தால், என்ஜினிலிருந்து பாடிக்குப் போகிற எர்த் வயர் பச்சை பூத்து, பாதி அறுந்து தொங்கியது.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "காருக்கு இருக்கிற வருத்தம் இதுதான்! ஆல்டர்னேட்டரில ஒரு பிழையும் இல்லை. வயரை மட்டும் மாத்தினால் காணும்."

நடராஜ் தாடையைத் தடவினார். "அண்ணா, எதுக்கும் இதையும் மாத்தி உட்டர்லாமுங்க. நேத்து லைட்டு எரிஞ்சுருக்குதில்லீங்க?"

"தேவையில்லை. எதுக்கு வீணா?" என்றேன்.

பிற நாட்டிலிருந்து வந்த விருந்தாளியை எதிர்த்துப் பேச அவருக்கு மனம் வரவில்லை. எஸ்தரும் என்னை நம்பினார். வயரை மட்டும் மாற்றினோம். அன்று மதியம் விடுதிக்கு நடந்து வரும்போது நான் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வந்தேன்.

செவ்வாய்க்கிழமை யோகாவுடன் நெருப்பெரிச்சலில் உள்ள தையல் கம்பெனிக்குப் போனேன். எஸ்தருக்கு அன்று வேறு சவாரி என்பதால் டவுன் பஸ். "ஏறுங்க சாமி, உள்ள போங்க சாமி" என்று கண்டக்டர் என்னை அழைத்த பவ்வியத்தில் மயங்கி, எந்தப் பஸ் என்று கேட்காமல் ஏறிவிட்டேன். ஊரின் எதிர்க்கோடியில் இறங்கினோம். அடுத்த பஸ்ஸில் யோகா ஜன்னலோரத்தை எனக்குத் தரவில்லை.

கம்பெனிக்குள் நுழைந்ததும் அவள் வேறு ஆளாகிவிட்டாள். துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள், உள்பக்கத்தை நகத்தால் சுரண்டினாள். குளிருக்கான துணியின் உள்பக்கத்தை இயந்திரத்தில் கம்பிப் பற்களால் சீவித்தான் பூப்போல எழுப்புகிறார்கள் என்று அங்கிருந்தவர் விளக்கி, சீவும்போது உதிர்ந்த பஞ்சையும் காட்டினார். தேநீர் இடைவேளையில் வடநாட்டுப் பையன்கள் இருவர் எங்களைப் பார்த்து இந்தியில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். என்னவென்று சூப்பர்வைசரைக் கேட்டேன். "தமிழ் பேசுற ஊர்லயே இவருக்கும் தமிழ் புரியல போலிருக்கு, நமக்குப் பரவால்லனு சொல்றாங்க சார்" என்றார். உண்மைதான். 'நெம்ப' என்றால் ரொம்ப, 'பொழுதோட' என்றால் சாயந்திரம் என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

மூன்று மணிக்கு எஸ்தர் போன் செய்தார்.

"அண்ணாச்சி, வண்டி நின்னு போச்சு." குரல் தணிந்திருந்தது. "அவினாசிக்கு இந்தப் பக்கம் நிக்கேன். வேலுச்சாமி ஐயா கூட இருக்காவ."

அப்போதுதான் எனக்கு அந்தச் சவாரியின் விவரம் தெரிந்தது. வேலுச்சாமிக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் கோவையில் ஒரு மருத்துவமனையில் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். ஒரு வருடமாக எஸ்தர்தான் கூட்டிப்போய்க் கூட்டி வருகிறார். டயாலிசிஸ் முடிந்தவருக்கு நிற்கக்கூடத் தெம்பிருக்காது. அப்படிப்பட்டவரை இறக்கி, சாலையோர இளநீர்க் கடையின் தார்ப்பாய் நிழலில் உட்கார வைத்துவிட்டு எஸ்தர் பேசிக்கொண்டிருந்தார். வேறு கார் வர ஒன்றேகால் மணி நேரமாயிற்று.

நடராஜ் சொன்னபடி ஆல்டர்னேட்டரை மாற்றியிருந்தால் அன்று அது நடந்திருக்காது. தடுத்தவன் நான். யோகா துணிக்கட்டுகளுக்கு நடுவில் நின்று என்னைப் பார்த்தாள். "போய் அந்த மனுசனைப் பாத்து ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு வாங்கோ" என்றாள்.

மாலை ஐந்தரைக்கு, திருப்பூரிலேயே உள்ள நல்லூரில் வேலுச்சாமியின் வீட்டுக்கு எஸ்தருடன் போனேன். முன்னறையில் கட்டிலில் சாய்ந்திருந்தார். அறுபத்தைந்து வயது, நெற்றி நிறைய விபூதி. தலைக்கு மேல் பெரிய முருகன் படம். நெசவுக் குடும்பம், பிறகு பனியன் துணி வியாபாரம் என்று சொன்னார்கள். நான் உட்காராமலே சொன்னேன்.

"ஐயா, பிழை என்னுடையது. அந்தச் சாமானை மாத்த வேண்டாமெண்டு சொன்னது நான்தான். எஸ்தரில ஒரு குற்றமும் இல்லை."

அவர் சிரித்தார். "அட, அதுக்கென்னங்க. எளநி நல்லாத்தான் இருந்துச்சு. உக்காருங்க."

மகள் அப்படி விடவில்லை. கதவருகே நின்றவர், "எஸ்தர் அக்கா நெம்ப நல்லவங்கதானுங்க. ஆனா இது மூணாவது வாட்டி. அப்பா ரோட்டோரத்துல கெடக்கறாருன்னா எங்களுக்கு எப்புடி இருக்கும்? வேற வண்டி சொல்லிட்டனுங்க" என்றார்.

எஸ்தர் தலையை மட்டும் ஆட்டினார்.

"கண்ணு, இரு" என்றார் வேலுச்சாமி மகளிடம். "வேற வண்டிக்காரன் என்னை எறக்கி உட்டுட்டு டீ குடிக்கப் போயிருவான். இந்த அம்மணி கைப்புடிச்சுப் படியேத்தி, பெட்டுல உக்கார வெச்சுட்டுத்தான் போகும். வெளிய வரையில வாசல்ல நிக்கும். எனக்கு அது வேணுமில்ல?"

நான் சொன்னேன், "வியாழக்கிழமை வேற காரில போங்கோ. சனிக்கிழமை ஒரு தரம் எஸ்தருக்குக் குடுங்கோ. நானும் அந்தக் காரில வாறன். நிண்டால் நான் தோளில தூக்கிக்கொண்டு வாறன்."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சனிக்கிழமை ஒருக்கா பாக்கலாமுங்க" என்றார்.

தெருவுக்கு வந்ததும் எஸ்தர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவிய மொகத்துக்கு நேரா நான் ஒண்ணும் சொல்லலை அண்ணாச்சி. ஆனா இந்த ஒரு சவாரி போச்சுன்னா எனக்கு வண்டி ஓட்டவே மனசு வராது. எங்க அப்பாவ கடைசியில நான் பாக்கலை. கம்பெனியில லீவு குடுக்கலை."

புதன்கிழமை காலையில், இழுத்துவரப்பட்ட காரின் அருகே நின்ற நடராஜிடம் முதலில் மன்னிப்புக் கேட்டேன். "அட போங்கண்ணா, நானும்தேன் ரெண்டு வாட்டி மாத்தி உட்டனுங்க, ஏன் போவுதுன்னு பாக்கலியே" என்றார். பெரிய மனசு.

நான் செய்த தவறு எனக்கு இப்போது தெளிவாகத் தெரிந்தது. திங்கட்கிழமை காலையில், என்ஜின் குளிர்ந்து கிடக்கும்போது அளந்திருக்கிறேன். ஞாயிறும் செவ்வாயும் வண்டி ஒரு மணி நேரம் வெயிலில் ஓடிய பிறகுதான் படுத்தது. அதனால் பேட்டரியை நிரப்பி, காரை அவிநாசி வரை ஓட்டிக்கொண்டு போய்ச் சூடாகத் திரும்பி வந்து அளந்தோம். பன்னிரண்டரை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பன்னிரண்டுக்கு இறங்கியது. சூடு ஏறினால் சாகிறது. அப்படியானால் எதனால் இவ்வளவு சூடு?

"கழட்டுவம். மாத்துறதுக்கு இல்லை, பிரிச்சுப் பாக்க" என்றேன்.

வழக்கமாகச் செத்த ஆல்டர்னேட்டரை அப்படியே மூட்டை கட்டிப் பழுது பார்க்கிறவருக்கு அனுப்பிவிடுவார்கள். கழற்றுகிற இடத்தில் அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. நடராஜ் கழற்றிப் பின்மூடியைத் திறந்தார். உள்ளே காற்றுப் போகிற துளை ஒன்றையும் காணவில்லை. மின்சாரத்தை நேராக்குகிற டயோடுத் தட்டைச் சுற்றி, தலையணைக்குள்ளிருந்து பிடுங்கியது போல், ஒரு விரல் தடிமனுக்குப் பஞ்சு அடைந்து கிடந்தது. கம்பிச் சுருள்கள் கருகிப் பழுப்பேறியிருந்தன. ஆல்டர்னேட்டர் தன் விசிறியால் காற்றை இழுத்துத்தான் தன்னைக் குளிர வைத்துக்கொள்ளும். இதற்கு மூச்சே இல்லை.

"பஞ்சு!" என்றேன்.

நடராஜ் மறுத்துத் தலையாட்டினார். "அண்ணா, இந்த ஊர்ல பஞ்சு அடையாத வண்டி ஏதுங்க? சர்வீசுக்கு வர்ற எல்லா வண்டியிலயும் ஊதித்தான் உடறோம். ஊதுனா பறந்துருமுங்க." காற்றுக் குழாயை எடுத்து அதன்மேல் ஊதினார். பஞ்சு அசையவில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அந்த நேரத்தில் யோகா வந்து சேர்ந்தாள். கம்பெனி வேலை முடிந்து, மதியச் சாப்பாட்டுக்கு என்னைத் தேடி வந்திருந்தாள். பெஞ்சில் கிடந்த பஞ்சுத் துண்டை எடுத்து, விரல்களுக்கிடையில் தேய்த்தாள்.

"இது நூல் பின்னுற இடத்துப் பஞ்சில்லை. அது வெள்ளையா இருக்கும். இதில ரோஸ் கிடக்கு, நீலம் கிடக்கு. சாயம் போட்ட துணியைச் சீவேக்க வாற பஞ்சு. நேற்றுப் பாத்தனே." பிறகு விரலை முகர்ந்து பார்த்தாள். "எண்ணெய் மணக்குது."

நடராஜ் டார்ச் எடுத்துக்கொண்டு என்ஜினுக்குள் தலையை விட்டார். ஆல்டர்னேட்டர் இருந்த இடத்துக்கு நேர் மேலே, என்ஜின் தலைமூடியின் அடைப்பானான கேஸ்கெட்டிலிருந்து எண்ணெய் கசிந்திருந்தது. தரையில் சொட்டாத அளவுக்கு மெல்லிய கசிவு. அத்தனையும் கீழே இருந்த ஆல்டர்னேட்டரில்தான் இறங்கியிருக்கிறது. மற்ற வண்டிகளில் வந்து போகிற பஞ்சு, இதில் ஒட்டிக்கொண்டு தங்கிவிட்டது.

"மூணு வாட்டி கையி உட்ட எடமுங்க. மேல நிமுந்து பாக்கலியே!" என்று தலையில் தட்டிக்கொண்டார்.

"பஞ்சு எங்கயிருந்து இவ்வளவு வருது?" என்று எஸ்தரிடம் கேட்டேன். வண்டியை எங்கே நிறுத்துகிறார் என்று பார்க்க நால்வரும் அவர் வீட்டுக்குப் போனோம். நல்லூரில் குறுகலான சந்து. அவர் தினமும் காரின் முகத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்துகிற இடத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் துணி சீவுகிற ஒரு சின்ன யூனிட். வெளியேற்றும் விசிறி இடுப்பளவு உயரத்தில், காரின் முகத்தைப் பார்த்தே சுற்றிக்கொண்டிருந்தது. சுவர் ஓரமெல்லாம் ரோஸ் நிறத்தில் புசுபுசுவென்று படிந்திருந்தது.

"இந்த யூனிட் எப்ப வந்தது?"

எஸ்தர் யோசித்தார். வாயைக் கையால் மூடிக்கொண்டார். "தீவாளிக்கு முந்துன மாசம், அண்ணாச்சி."

அந்தச் சந்தில் நின்று நாங்கள் நால்வரும் சிரித்த சிரிப்பில், யூனிட்டிலிருந்து ஒருவர் என்னவோ ஏதோவென்று எட்டிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும், "அய்யோ, சொல்லியிருந்தா அப்பவே பண்ணியிருப்பமுங்க" என்று அன்று பொழுதோடவே விசிறிக்குத் துணிப்பை மாட்டினார்.

வியாழக்கிழமை நடராஜ் கேஸ்கெட்டை மாற்றினார், என்ஜினைக் கழுவினார், புது ஆல்டர்னேட்டர் மாட்டினார். என்ஜினுக்கு அடியில் தூசி ஏறாமல் மறைத்து, எங்கோ கழன்று விழுந்திருந்த அடித்தட்டுக்குப் பதிலாக இன்னொன்றைத் தேடிப் பிடித்துப் பொருத்தினார். மதியம் அவர் வீட்டிலிருந்து தூக்குப்போசியில் அரிசிம்பருப்புச் சாதம் வந்தது. அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைத்து, மேலே நெய் விட்டது. ஒறம்பரைக்குத்தான் முதலில் என்று எனக்கு வைத்த பிறகே அவர் உண்டார். ஒறம்பரை என்றால் விருந்தாளி என்று அர்த்தமாம். நான் நெய்யைப் பற்றிப் புகழ்ந்ததில் மறுநாளும் வந்தது.

வெள்ளிக்கிழமை வெயிலில் ஏசி போட்டு, விளக்கெல்லாம் எரியவிட்டுக் கணியூர் வரை ஓட்டினோம். நான் முன்சீட்டில் மீட்டரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யோகா பின்சீட்டில் வயல்களைப் பார்த்தபடி, "ஒருநாள் ஊர் பாக்கக் கூட்டிக்கொண்டு போங்கோ எண்டன், இப்பதான் கூட்டிக்கொண்டு வாறியள்" என்றாள். போகும்போதும் வரும்போதும் முள் பதினாலை விட்டு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நானும் யோகாவும் எஸ்தருடன் வேலுச்சாமியின் வீட்டு வாசலில் நின்றோம். அவர் எல்லோருக்கும் விபூதி கொடுத்தார். எஸ்தர் இரு கையாலும் வாங்கி, தாளில் மடித்து, பைபிள் வாசகம் ஒட்டியிருந்த டாஷ்போர்டில் பத்திரமாக வைத்தார். மகள் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பாத்துப் போய்ட்டு வாங்க" என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. நாங்கள் மூன்று பேருமே தலையாட்டினோம்.

வழியில் வேலுச்சாமி என்னிடம் யாழ்ப்பாணத்தில் நெசவு உண்டா, அங்குள்ள நல்லூர் முருகன் கோவிலுக்கும் தங்கள் நல்லூருக்கும் ஏதாவது தொடர்பு உண்டா என்று கேட்டுக்கொண்டே வந்தார். பெயர்ப் பொருத்தத்தில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அவிநாசி வந்ததும் எஸ்தர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார். கடந்ததும் பிடியைத் தளர்த்தினார்.

மருத்துவமனையில் வேலுச்சாமி சொன்னபடியே நடந்தது. கைப்பிடித்துப் படியேற்றி, உள்ளே படுக்கையில் உட்கார வைத்து, செருப்பைக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டுத்தான் எஸ்தர் வெளியே வந்தார். இனி நான்கு மணி நேரம். நானும் யோகாவும் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். இத்தனை மாதமும் இந்த நேரத்தில், வண்டி திரும்பக் கிளம்புமோ கிளம்பாதோ என்று மணிக்கொரு தரம் சாவியைத் திருகிப் பார்த்துக்கொண்டே இருப்பாராம் எஸ்தர், அவரே சொன்னார். சொல்லிவிட்டுப் போய் நிழலில் நின்ற காரில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன். சீட்டைச் சாய்த்து, முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

வேலுச்சாமி வெளியே வந்தபோதும் எஸ்தர் விழிக்கவில்லை. வாசலில் யாரும் இல்லாததைப் பார்த்து அவர் ஒரு கணம் நின்றார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். கை சில்லென்றிருந்தது, கால் தடுமாறியது. காரைக் காட்டி, எழுப்புகிறேன் என்றேன்.

அவர் கார்க் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"எழுப்பாதீங்க" என்றார். "அம்மணி தூங்கி நான் பாத்ததே இல்லீங்க."

பெஞ்சில் யோகா நகர்ந்து இடம் விட்டாள். அவர் மெதுவாக உட்கார்ந்து, மரத்தில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். எஸ்தர் தானாக எழுந்து வரும்வரை நாங்கள் மூவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.